பதினேழு நிமிஷ ஆகாயம்

தமிழ்நாட்டின் கோடிக்கரைக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறைக்கும் இடையிலே கிடக்கும் கடல் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் அகலமுடையது. நால்வர் அமரக்கூடிய ஒற்றை யந்திரச் செஸ்னா 172 விமானமொன்று, மணிக்கு 200 கிலோமீற்றர் என்னும் தன் இயல்பான வேகத்தில் பறந்தால், அக்கடலைப் பதினேழு நிமிஷத்துக்குள் கடந்துவிடும். யாழ்ப்பாண நகரத்திலிருந்து பலாலி வீதி வழியே மினிபஸ்ஸில் புறப்பட்ட ஒருவர் அந்நேரத்துக்குள் உரும்பிராய்ச் சந்தியைத் தாண்டியிருந்தாலே அதிர்ஷ்டந்தான்.

இவ்வளவு சிறிய கடலின் மேலே, சொந்தமாக ஒரு சிறு விமானம் வைத்திருக்கும் மனிதர் ஒருவர், வியாபாரத்தையோ யுத்தத்தையோ நிமித்தமாகக் கொள்ளாமல், பறக்கும் ஆசை ஒன்றினாலேயே அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்திறங்குவது எவ்வளவு எளிதாயிருக்க வேண்டுமென்று தோன்றுகிறதோ, அவ்வளவுக்கு அரிதாகவே இருந்து வந்திருக்கிறது. இராணுவ விமானம் கேளாமலே வரும். அதை நாம் கண்டிருக்கிறோம். கம்பனி விமானம் இரண்டு அரசாங்கங்கள் கைச்சாத்திட்ட உடன்படிக்கையின் பலத்தினால் வரும். அதையும் இப்போது யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலே காண்கிறோம். தனியாரின் சிறு விமானத்துக்கோ படைபலமும் கிடையாது, உடன்படிக்கையின் ஆதரவும் கிடையாது. அயல்நாடு தன்னை நம்பினால் வரும், நம்பாவிட்டால் தன் கொட்டகையிலேயே கிடக்கும். ஆகவே, ஒரு பிரதேசத்திலே சமாதானம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை அறிய விரும்புவோர், மந்திரிகளின் பிரசங்கங்களைப் படிப்பதைக் காட்டிலும், அங்கே ஒரு சிறு விமானம் இறங்க அனுமதி கிடைக்கிறதா என்று விசாரிப்பது மேல் என்பது நமது அபிப்பிராயம்.

தொடக்கத்தில் நிலைமை இப்படி இருக்கவில்லை. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் திகதி, புதிதாகத் திருத்தப்பட்ட இரத்மலானை விமானத் தளத்திலே முதன்முதலாக வந்திறங்கியது படை விமானமுமன்று, பிரயாணிகளை ஏற்றிவந்த கம்பனி விமானமுமன்று. சென்னைப் பறக்கும் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராயிருந்த டிண்டேல் பிஸ்கோ ஓட்டிவந்த புஸ் மொத் என்னும் சிறு விமானமேயாகும். மூவர் மட்டுமே நெருங்கி அமரக்கூடிய அந்த வகை விமானத்திலேதான் மூன்று ஆண்டுகளுக்கு முன், 1932 ஒக்டோபரில், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுபோனார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. 1938 பெப்ரவரி இறுதியில் டாட்டாவின் தபால் விமானம் இலங்கைக்கும் வரத் தொடங்கியது. இந்தியாவும் இலங்கையும் வெவ்வேறு நிர்வாகங்களாயினும் இரண்டும் ஒரே முடியின் கீழ் இருந்தமையால், அக்காலத்து விமானி கடந்தது ஒரு கடலையேயன்றி ஓர் எல்லையையன்று.

பலாலித் தளம் இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படையின் தேவைக்காக உருவானது. யுத்தம் முடிந்தபின் அது சிவில் காரியத்துக்கு வந்தது. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம், கப்டன் பீற்றர் பெர்னாண்டோவின் தலைமையில், இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என்ற பெயரால் வழங்கிய இத்தளத்திலே தங்கி, சென்னைக்குப் போயிற்று. அந்த டக்கோட்டா விமானத்துக்கு வைக்கப்பட்டிருந்த பெயர் சீதாதேவி. அந்தப் பெயருடையாள் ஒரு காலத்தில் எவருடைய அனுமதியுமின்றி இக்கடலின் மேலாகக் கொண்டுவரப்பட்டாள் என்பதை நினைத்துத்தான் பெயர் வைத்தார்களோ, நினையாமல் வைத்தார்களோ, இம்முறை அவள் முறையான தாள்களோடு அக்கரை சேர்ந்தாள். பின்னர் திருச்சிக்கும் சேவை நடந்தது. திருச்சி இங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 185 கிலோமீற்றர். கொழும்போ 300 கிலோமீற்றர். குடாநாட்டு வாசிகளுக்குத் தங்கள் தலைநகரத்தைக் காட்டிலும் அயல்நாட்டு நகரம் அண்மையில் இருந்ததென்பதைப் பஞ்சாங்கமும் பட்டுச்சேலையும் வாங்கப் போனவர்கள் நன்கறிவர். தேசப்பட வரைஞர்கள்தாம் அதைக் கவனிப்பதில்லை.

ஆகாயம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு 1919ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையும், அதன்பின் 1944 டிசெம்பர் 7ஆம் திகதி சிக்காகோவில் கைச்சாத்தான சர்வதேசச் சிவில் விமான உடன்படிக்கையும் விடை சொல்லின. ஒவ்வொரு இராஜ்யத்துக்கும் தன் நிலத்துக்கும் கரையோரக் கடலுக்கும் மேலேயுள்ள ஆகாயத்தின்மீது பூரணமான, பிறர்க்குப் பங்கில்லாத ஆதிபத்தியம் உண்டென்பது சிக்காகோ உடன்படிக்கையின் முதலாவது பிரிவு. ஆனால் அதே உடன்படிக்கையின் ஐந்தாவது பிரிவைப் படித்துப் பார்க்கும் தனியார் விமானி ஆனந்தக் கண்ணீர் வடிப்பார். கால அட்டவணைப்படி நடவாத பறப்புகளில் ஈடுபடும் விமானங்கள், முன்னனுமதி பெறாமலே அயல்நாட்டின்மேல் பறக்கலாம், பிரயாண மத்தியில் இறங்கவும் செய்யலாம் என்று அங்கே எழுதப்பட்டிருக்கிறது! அந்தப் பிரிவுக்கு உடனிருக்கும் நிபந்தனைகளையும் பாதுகாப்புக் காரணங்களையும் பற்றிக்கொண்டு, இன்றைக்கு ஏறத்தாழ எல்லா இராஜ்யங்களும் முன்னனுமதியைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. கொடுத்த உரிமையை எடுத்துவிடாமலே இல்லாமற் செய்யும் வித்தையில் இராஜ்யங்கள் மகா சமர்த்தர்கள்.

கரையோரக் கடல் என்பது 12 கடல் மைல். கோடிக்கரையிலிருந்து 12, காங்கேசன்துறையிலிருந்து 12 என்று கழித்தால், நடுவிலே ஏறத்தாழ 10 கிலோமீற்றர் அகலத்துக்கு யாருக்கும் சொந்தமில்லாத ஆகாயம் எஞ்சும்போலத் தோன்றும். அதுவும் எஞ்சவில்லை. 1974 ஜூனில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட எல்லை உடன்படிக்கை இந்தக் கடலைச் ‘சரித்திர பூர்வமான நீர்ப்பரப்பு’ என்ற கணக்கிலே சேர்த்து இரண்டாகப் பகிர்ந்துகொண்டது. ஆகவே பாக்கு நீரிணைக்கு மேலே பறக்கிறவர், ஒரு கணத்தில் ஒருவருடைய வீட்டிலும் மறு கணத்தில் மற்றவருடைய வீட்டிலும் இருப்பாரேயன்றித் தெருவிலே நிற்பதில்லை.

அயல்நாட்டு ஆகாயம் அடைபட்டால் என்ன நேரும் என்பதை இலங்கை மிக அருகிலிருந்து கண்டது 1971இலே. அவ்வாண்டு ஜனவரி இறுதியில் கங்கா என்ற இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பாகிஸ்தானிய விமானங்கள் தன் ஆகாயத்திலே பறக்கக்கூடாதென்று இந்தியா தடைவிதித்தது. கராச்சிக்கும் டாக்காவுக்கும் இடையே போகவேண்டிய விமானங்கள் உபகண்டம் முழுவதையும் தெற்கே சுற்றிக்கொண்டு, கட்டுநாயக்காவில் எரிபொருள் நிரப்பிப் போயின. அந்தச் சுற்றுவழியும் ஒரு தேசம் இரண்டாய்ப் பிளந்த கதையின் ஓர் அத்தியாயமேயாகும். 2025 ஏப்ரலில் அதே இரண்டு நாடுகளும் மறுபடியும் ஒன்றுக்கொன்று ஆகாயத்தை அடைத்துக்கொண்டன.

ஆயினும் நமது விஷயத்துக்கு நெருங்கிய ஆண்டு 1987. அவ்வாண்டு மே 28ஆம் திகதி, பதினெட்டு வயதேயான மத்தியாஸ் ருஸ்ற் என்ற மேற்கு ஜேர்மானிய இளைஞன், ஏறத்தாழ ஐம்பது மணிநேரப் பறப்பு அனுபவமே உடையவன், ஹெல்சிங்கியிலிருந்து ஸ்டொக்ஹோமுக்குப் போவதாகத் திட்டம் கொடுத்துவிட்டு, வாடகைக்கு எடுத்த செஸ்னா 172ஐக் கிழக்கே திருப்பி, உலகத்திலேயே மிகக் கடுமையான காவலுடையதென்று சொல்லப்பட்ட சோவியத் ஆகாயத்தை ஊடறுத்து, மொஸ்கோவில் செஞ்சதுக்கத்தின் ஓரத்திலே கொண்டுபோய் இறக்கினான். அன்று சோவியத் எல்லைக் காவலர் தினம் என்பது விதியின் பரிகாசம். போர் விமானங்கள் அவனைக் கண்டும் சுடவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், 1983 செப்டெம்பர் 1ஆம் திகதி, வழிதவறி வந்த கொரியப் பிரயாணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி 269 உயிர்களைப் போக்கிய பழி அவர்களுடைய கைகளைக் கட்டியிருந்தது என்பர். அந்த அனர்த்தத்தின் பிறகுதான், பறந்துகொண்டிருக்கும் சிவில் விமானத்தின்மேல் ஆயுதம் பிரயோகிக்கலாகாது என்ற புதிய பிரிவு 1984இலே சிக்காகோ உடன்படிக்கையில் சேர்க்கப்பட்டது. ருஸ்றுக்கு நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, ஓராண்டுக்குச் சற்று மேல் அனுபவித்தபின் விடுதலை கிடைத்தது. சோவியத் பாதுகாப்பு மந்திரிக்குப் பதவி போயிற்று.

அதே நாட்களில், மே 26ஆம் திகதி தொடங்கிய படைநடவடிக்கையினால் நமது வடமராட்சி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஜூன் 3ஆம் திகதி இராமேசுவரத்திலிருந்து நிவாரணப் பொருள்களோடு புறப்பட்ட படகுகளை இலங்கைக் கடற்படை நடுக்கடலில் மறித்துத் திருப்பியது. மறுநாள் பிற்பகல் புதுடில்லியில் இலங்கை உயர்ஸ்தானிகர் பேர்ணாட் திலகரத்னவை இந்திய வெளிவிவகார இராஜாங்க மந்திரி நட்வர் சிங் அழைத்து, சற்று நேரத்தில் விமானங்கள் புறப்படும், எதிர்த்தால் பலாத்காரத்தால் பதிலளிக்கப்படும் என்று அறிவித்தார். அனுமதி கோரியதாகாது அது. பெங்களூரிலிருந்து ஐந்து அன்டனோவ் 32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்கள் காவலாக வர, வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 25 தொன் உணவுப் பொருள்களைக் குடாநாட்டின்மேல் போட்டுவிட்டுத் திரும்பின. அந்நடவடிக்கைக்குப் பூமாலை என்று பெயரிட்டிருந்தார்கள்; தெற்கிலே அதைப் பருப்புப் போட்ட கதை என்று பரிகசித்தார்கள். எட்டு வாரங்களில், ஜூலை 29ஆம் திகதி, இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று.

ஒரு வார இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டு அத்துமீறல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் குறைவு. ஒன்றைச் செய்தவன் தனி மனிதன். பிடிபட்டான், விசாரிக்கப்பட்டான், சிறை சென்றான். மற்றதைச் செய்தது ஒரு பேரரசாங்கம். அதற்கு எதிராகக் கண்டன அறிக்கை வெளியாயிற்று. அரசாங்க விமானங்கள் சிக்காகோ உடன்படிக்கையின் சிவில் சலுகைகளுக்குள் வருவன அல்ல. அவை விசேஷ இசைவின்றி அயல்நாட்டின்மேல் பறக்கலாகாதென்று மூன்றாவது பிரிவு திட்டமாகவே கூறுகிறது. பசித்தவர்களுக்கு அரிசி வந்ததென்பதும் மெய். ஆகாயம் யாருடைய பலத்தால் திறக்கும் என்பதை அன்று குடாநாடு தலைநிமிர்ந்து பார்த்துப் படித்துக்கொண்டதென்பதும் மெய்.

அதற்குப் பிறகு தனியார் விமானத்தின்மேலும் சிறு விமானத்தின்மேலும் அரசாங்கங்கள் கொண்ட சந்தேகம் பெருகியதேயன்றிக் குறையவில்லை. 1995 டிசெம்பர் 17ஆம் திகதி இரவு மேற்கு வங்காளத்தின் புருலியா மாவட்டத்திலே ஓர் அன்டனோவ் 26 விமானம் ஆயுதப் பெட்டிகளைப் போட்டுச் சென்றது; சில நாட்களின் பின் அதே விமானம் திரும்பும் வழியில் சென்னையிலே எரிபொருள் நிரப்பிக்கொண்டு புறப்பட்டபோதுதான், பம்பாயில் இறங்கும்படி போர் விமானத்தினால் பலவந்தப்படுத்தப்பட்டது. திருட்டுத்தனமாக இருளிலே ஒளிந்து வந்த விமானமன்று அது. பறப்புத் திட்டமும் அனுமதியும் உடையதாயிருந்தது. 2007 மார்ச் 26ஆம் திகதி விடுதலைப் புலிகளின் ஸ்லின் 143 வகைச் சிறு விமானங்கள் கட்டுநாயக்காவைத் தாக்கின. அமைதியான தேசங்களிலே மாணவர்கள் பறக்கப் பழகும் ரகத்தைச் சேர்ந்தவை அவை. ஆதலால், இந்நாட்டிலே ஓர் அதிகாரி நால்வர் அமரும் விமானமொன்றின் விண்ணப்பத்தை எடுத்துப் பார்க்கும்போது அவருடைய மனத்திலே எழும் சித்திரம் உல்லாசப் பிரயாணியினுடையதாக மட்டும் இருப்பதில்லை. அந்தத் தயக்கத்தை நாம் அறிவீனமென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அது என்றைக்கும் நீடிக்கவேண்டியதென்றும் நாம் கருதவில்லை.

இன்றைக்கு அக்கரையில் சிறு விமானம் வைத்திருக்கும் ஒருவர் பலாலிக்கு வர விரும்பினால் செய்யவேண்டியது என்ன? கோடிக்கரையை நோக்கி நேரே பறந்து கடலைத் தாண்டிவிடலாகாது. சுங்கமும் குடிவரவும் உள்ள சென்னைக்கோ திருச்சிக்கோ முதலிற் போய், கடவுச்சீட்டிலே முத்திரை பெற்றுத்தான் தேசத்தை விட்டுப் புறப்பட வேண்டும். இலங்கைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி முன்கூட்டியே கையில் இருக்கவேண்டும்; பலாலி விமானப்படைத் தளமுமாகையால் பாதுகாப்புத் தரப்பின் இசைவும் அவசியமாகும். இந்திய ஆகாயத்தில் அசைவதற்கு, உள்ளூர்ப் பறப்பானாலும்கூட, விமானிகள் ஏ.டி.சி. எண் என்று சொல்லும் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணும், பறப்புத் தகவல் நிலையம் கொடுக்கும் எஃப்.ஐ.சி. எண்ணும் வேண்டும். எதிர்த் திசையில், வெளிநாட்டுப் பதிவுடைய சிறு விமானம் இந்தியாவுக்குப் போவதானால், புதுடில்லியிலுள்ள சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் வழங்கும் வை.ஏ. எண் இல்லாமல் வாசலையும் மிதிக்க முடியாது. இவ்வெண்களையெல்லாம் பறப்புத் திட்டத்தில் எழுதி, புறப்படும் நேரத்தைக் கிறினிச் கணக்கிலே குறித்து, சொன்ன நேரத்துக்குள் கிளம்பவும் வேண்டும். மழையென்றோ காற்றென்றோ நெடுநேரம் தாமதித்தால் அனுமதியை மீண்டும் கேட்க நேரிடும்.

பறந்த பிறகு நடப்பது இவற்றைவிடச் சுலபமானது. சென்னைப் பறப்புத் தகவற் பிரதேசத்தைச் சேர்ந்த கட்டுப்பாட்டாளர் நடுவழியில் விமானத்தைக் கொழும்புப் பிரதேசத்தாரிடம் ஒப்படைப்பார். விமானி வானொலி அலைவரிசையை மாற்றிக்கொண்டு, தன் பதிவெழுத்துகளையும் உயரத்தையும் சொல்லி வணக்கம் கூறுவார். வானொலி கெட்டுப்போனால் 7600 என்றும், வேறு ஆபத்தானால் 7700 என்றும் தன் ட்ரான்ஸ்பொண்டர் கருவியில் எண்ணை வைப்பார். போர் விமானமொன்று இடப்பக்கத்தில் வந்து இறக்கைகளை ஆட்டிக் காட்டினால் ‘என்னைப் பின்தொடர்’ என்பது பொருள். தானும் இறக்கைகளை ஆட்டிவிட்டுப் பின்தொடர்வதே புத்தி. இது உலகம் முழுவதற்கும் பொதுவான சைகை. எந்தப் பாஷைக்காரருக்கும் விளங்கும்.

பயப்படவேண்டியது கடலுக்கேயாகும். ஒற்றை யந்திரம் நடுக்கடலில் நின்றுவிட்டால் செஸ்னா 172 தன் உயரத்தின் ஒன்பது மடங்கு தூரம் மிதந்து செல்லும் என்பது கணக்கு. பாக்கு நீரிணையின் நட்டநடுவிலிருந்து ஏதாவதொரு கரையைத் தொட ஏறத்தாழ 27 கிலோமீற்றர் மிதக்கவேண்டும். அதற்கு விமானம் 3,000 மீற்றர், அதாவது 10,000 அடி உயரத்தில் இருந்திருக்கவேண்டும். அவ்வுயரத்துக்கு ஏறுவதற்கு இந்தச் சிறு யந்திரத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேலாகும். பதினேழு நிமிஷக் கடலைத் தாண்ட இருபது நிமிஷம் ஏறவேண்டியிருக்கிறது! சோம்பலுடைய விமானி தாழப் பறந்து மிதவைச் சட்டையை நம்புவார். விவேகமுடையவர் திருச்சியிலிருந்து கிழக்கே வரும்போதே தஞ்சாவூர் வயல்களின் மேலாக நிதானமாக ஏறிக்கொண்டு வருவார். வாடைக்காற்றும் மழையும் கூடிய ஐப்பசி கார்த்திகை மாதங்களில் இரண்டு பேருமே வீட்டில் இருப்பது நலம்.

இறங்குகிற இடத்தின் கதையும் சொல்லப்படவேண்டும். எயார் சிலோன் ஓய்ந்தபின் நாற்பது ஆண்டளவு பலாலியிலிருந்து சர்வதேசச் சேவை இருக்கவில்லை. 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரோடு அது மீண்டும் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் விமானம் வந்தது. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் நின்று, 2022 டிசெம்பர் 12ஆம் திகதி மறுபடி தொடங்கியது. இண்டிகோ 2024 செப்டெம்பரில் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் முடிவில் திருச்சியிலிருந்தும் வரத் தொடங்கிற்று. பெரிய விமானங்கள் வர ஓடுபாதையை நீட்டவேண்டும் என்று பேச்செழும்போதெல்லாம், 1990இல் உடுத்த துணியோடு வெளியேறிய வலிகாமம் வடக்கு மக்களின் காணிகளைப் பற்றிய கேள்வியும் கூடவே எழுகிறது, எழவேண்டியதுமாகும். செஸ்னாவுக்கு இந்தத் தர்க்கத்தில் பங்கில்லை. இருக்கிற ஓடுபாதையில் ஒரு துண்டே அதற்குத் தாராளம்; ஒரு பரப்புக் காணிகூட அதன்பொருட்டு எவரிடமும் எடுக்கவேண்டியதில்லை.

சிறு விமானம் இவ்வழியே வரவே முடியாதென்று எண்ணவேண்டாம். தனியாக உலகத்தைச் சுற்றிப் பறந்த பத்தொன்பது வயதுப் பெண் சாரா றதர்ஃபோர்ட், 2021 ஓகஸ்டில் பெல்ஜியத்திலிருந்து புறப்பட்டவர், அவ்வாண்டு முடிவிலே சுமாத்திராவிலிருந்து கொழும்புக்கு வந்து, அங்கிருந்து கோயம்புத்தூருக்கும் பம்பாய்க்கும் போனார். ருஷ்யாவின் கீழ்க்கரையிலிருந்து சியோலுக்கு இறங்கும் வழியில், மேகங்களைத் தவிர்க்க வடகொரியாவின் ஆகாயத்தைச் சற்றே குறுக்கறுக்கலாமா என்ற யோசனை வந்தபோது, வேண்டவே வேண்டாமென்று அவருடைய துணைக்குழுவினர் தடுத்தார்கள். இலங்கையும் இந்தியாவும் அவரைத் தடுக்கவில்லை. முன்னறிவித்து வந்தவரை வரவேற்று வழியனுப்பின. அவர் பலாலிப் பக்கம் வரவில்லை.

வந்திருந்தால் எரிபொருள் எங்கே வாங்கியிருப்பார் என்பது ஒரு சுவாரசியமான கேள்வி. செஸ்னா போன்ற விமானங்களுக்கு வேண்டிய விமானப் பெற்றோல் நமது பிராந்தியத்தில் அரிதான சரக்கு. இந்தியாவே 2022 வரை அதை வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தது. திருச்சியிலிருந்து வருகிறவர் போகவர வேண்டிய அளவையும் புறப்படும்போதே நிரப்பிக்கொண்டால் தப்பினார். சாரா ஓட்டிய ஷார்க் விமானத்தின் ரொட்டக்ஸ் யந்திரமோ சாதாரண மோட்டார்ப் பெற்றோலிலேயே ஓடக்கூடியது. தெல்லிப்பழையிலோ சுன்னாகத்திலோ உள்ள பெற்றோல் செட்டிலிருந்து கலனிலே கொண்டுவந்து ஊற்றியிருக்கலாம். ஆனால் ஏழெட்டு மாதம் பிந்தி வந்திருந்தால் அதுவும் நடந்திராது: 2022இன் நடுப்பகுதியில் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாட்டினால் வரிசைகள் மைல் கணக்கில் நீண்டு, வாகனப் பதிவெண்ணோடு பிணைத்த கியூ.ஆர். அட்டை இல்லாதவருக்கு ஒரு லீற்றரும் இல்லையென்று ஆனபோது, பெல்ஜியத்திலிருந்து பறந்துவந்த விமானத்தை மோட்டார் சைக்கிளுக்குரிய பங்கீட்டில் சேர்ப்பதா, முச்சக்கரவண்டிக்குரியதில் சேர்ப்பதா என்று தீர்மானிக்க, இரண்டு அமைச்சுகளாவது கூடிப் பேசவேண்டி வந்திருக்கும்.